ராகிக் களிக்கு மாறியும் சர்க்கரை ஏன் இறங்கவில்லை?

கோபிச்செட்டிப்பாளையம் பக்கத்திலிருந்து ஓர் இளைஞர் கேட்டிருக்கும் கேள்வியின் சாரம் இதுதான். ஐம்பத்தெட்டு வயதான அவருடைய தந்தைக்குச் சர்க்கரை நோய் இருப்பது இரண்டு ஆண்டுகளுக்கு முன் தெரியவந்தது. செய்திகளில் படித்ததையும் உறவினர்கள் சொன்னதையும் வைத்து வீட்டில் மூன்று மாற்றங்களைச் செய்திருக்கிறார்கள். அரிசிச் சோறு போய் ராகிக் களியும் கம்பஞ்சோறும் வந்தன. வெள்ளைச் சர்க்கரை போய் நாட்டுச் சர்க்கரை வந்தது. பாக்கெட் எண்ணெய் போய்ச் செக்கில் ஆட்டிய தேங்காய் எண்ணெய் வந்தது. ஓராண்டு கழித்து எடுத்த மூன்று மாதச் சராசரிச் சர்க்கரைப் பரிசோதனையில், 8.1 ஆக இருந்த எண் 8.3 ஆகியிருக்கிறது. “ஆராய்ச்சிகள் பொய்யா, அல்லது நாங்கள் செய்ததில்தான் தவறா?” என்று கேட்கிறார்.

முதலில் அந்த எண்ணைப் பற்றி ஒரு வார்த்தை. 0.2 என்ற வித்தியாசம் அந்தப் பரிசோதனையின் இயல்பான ஏற்ற இறக்கத்துக்குள் அடங்கிவிடும்; ஆகவே சர்க்கரை ஏறிவிட்டது என்று கலங்க வேண்டியதில்லை, இறங்கவில்லை என்று மட்டும் எடுத்துக்கொள்ளலாம். ஆராய்ச்சி பொய்யும் இல்லை, உங்கள் அம்மா அடுப்படியில் பட்ட பாடு வீணும் இல்லை. ஆய்வுக் கட்டுரையிலிருந்து உங்கள் வீட்டு வட்டிலுக்கு வருவதற்குள் ஒரு கேள்வி வழியில் விழுந்துவிட்டது: எதற்குப் பதிலாக, எவ்வளவு? வயிற்றைக் காலியாக வைத்திருக்க முடியாது என்பதால், ஒன்றைக் குறைத்தால் இன்னொன்று அந்த இடத்தை நிரப்பியே தீரும். எனவே உணவைப் பற்றிச் சொல்லப்படும் எந்த முடிவும், வெளியே சொன்னாலும் சொல்லாவிட்டாலும், ஓர் ஒப்பீடாகவே இருக்கிறது. செய்தியாக வரும்போது ஒப்பீட்டின் ஒரு பாதி மட்டும் வந்து சேர்கிறது.

ராகியையே எடுத்துக்கொள்வோம். தீட்டிய பச்சை அரிசி 100 கிராமில் மாவுச்சத்து 78 கிராம் அளவில் இருக்கிறது. ராகியில் எழுபதை ஒட்டியும், கம்பில் அறுபதுகளிலும் இருக்கிறது. வித்தியாசம் உண்டு, ஆனால் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம் அல்ல. சிறுதானியங்களின் உண்மையான மேன்மை நார்ச்சத்தில் இருக்கிறது. அது அரிசியில் இருப்பதைப் போல மூன்று மடங்குக்கு மேல். ராகியில் சுண்ணாம்புச் சத்தும் 100 கிராமுக்கு 350 மில்லிகிராம் அளவில் உண்டு. சர்க்கரையை மெதுவாக ஏற்றுகிறது என்ற புகழும் ஆதாரமற்றது அல்ல. பல நாடுகளில் நடந்த ஆய்வுகளைத் திரட்டி, இக்ரிசாட் என்ற பன்னாட்டுப் பயிர் ஆராய்ச்சி நிறுவனத்தார் முன்னின்று 2021-இல் வெளியிட்ட தொகுப்பாய்வு, சிறுதானியங்களின் கிளைசீமிக் குறியீட்டை, அதாவது ஓர் உணவு ரத்தச் சர்க்கரையை எவ்வளவு ஏற்றுகிறது என்பதைக் காட்டும் எண்ணை, சராசரியாக 52.7 என்றும் தீட்டிய அரிசியினுடையதை 71.7 என்றும் கணக்கிட்டது.

ஆனால் அந்தக் குறியீட்டை எப்படி அளக்கிறார்கள் என்பதைக் கவனிக்க வேண்டும். இரண்டு உணவுகளிலும் சம அளவு மாவுச்சத்து, வழக்கமாக 50 கிராம், இருக்கும்படி நிறுத்துக் கொடுத்துவிட்டு, அடுத்த இரண்டு மணி நேரம் ரத்தத்தில் சர்க்கரை எப்படி ஏறி இறங்குகிறது என்று பார்க்கிறார்கள். வீட்டில் யாரும் அப்படி நிறுத்துப் போடுவதில்லை. கிராமங்களில் உணவுக் கணக்கெடுப்புப் பணியில் சில ஆண்டுகள் இருந்தபோது, ஒரு மதிய வேளையில் களி உருண்டை ஒன்றைத் தராசில் வைத்துப் பார்த்தேன். 430 கிராம் இருந்தது. அதற்குப் போன மாவு 150 கிராம். வீட்டுக்காரர் ஓர் உருண்டையை முடித்துவிட்டு, “களி உடம்புக்கு நல்லதுங்களே” என்று சொல்லிக்கொண்டே இன்னும் அரை உருண்டை வைத்துக்கொண்டார். மாவுக் கணக்கில் அது 225 கிராம். மாவுச்சத்துக் கணக்கில் ஏறத்தாழ 157 கிராம். அதே மனிதர் அரிசிச் சோறு சாப்பிடும் நாளில் 150 கிராம் அரிசிச் சோற்றோடு, அதாவது 117 கிராம் மாவுச்சத்தோடு, எழுந்துவிடுவார் என்பது அவர் மனைவி சொன்ன கணக்கு. நல்லது என்ற பெயரே அளவைக் கூட்டிவிடுகிறது. இதோடு, முழுத் தானியமாக வேகவைத்த கம்பஞ்சோறும், நைசாக அரைத்துக் கிண்டிய களியும் குடலில் ஒரே வேகத்தில் செரிப்பதில்லை. அரைக்க அரைக்க அந்த மெதுவான ஏற்றம் என்ற நன்மை கரைந்துகொண்டே போகும்.

உங்கள் கேள்விக்கு மிக நெருக்கமாக வரும் ஆய்வு 2025-இல் நேச்சர் மெடிசின் என்ற மருத்துவ ஆய்விதழில் வந்தது. இந்திய மருத்துவ ஆராய்ச்சி கவுன்சிலும் சென்னையிலுள்ள மெட்ராஸ் நீரிழிவு ஆராய்ச்சி அறக்கட்டளையும் நாடு முழுவதும் நடத்திய பெரிய கணக்கெடுப்பின் உணவுப் பகுதி அது. இந்தியர் உண்ணும் கலோரிகளில் 62 சதவீதம் மாவுச்சத்திலிருந்து வருகிறது என்று அது காட்டியது. அதைவிட முக்கியமான இரண்டு செய்திகள் அதில் உண்டு. மொத்த மாவுச்சத்தைக் குறைக்காமல், தீட்டிய தானியத்தின் இடத்தில் முழுக் கோதுமையையோ சிறுதானிய மாவையோ வைப்பதால் மட்டும் சர்க்கரை நோய் குறைவாகக் காணப்படவில்லை. மாறாக, மொத்தக் கலோரியில் 5 சதவீத அளவுக்கு மாவுச்சத்தை எடுத்துவிட்டு, அந்த இடத்தில் பருப்பு, பால் வகைகளிலிருந்து கிடைக்கும் புரதத்தை வைத்த கணக்கில் நோய் குறைவாகக் காணப்பட்டது. உங்கள் வீட்டில் நடந்ததற்கு இதைவிட நேரான விளக்கம் எனக்குத் தெரியவில்லை.

இதிலும் ஓர் எச்சரிக்கையைச் சொல்லாமல் விடக்கூடாது. இது ஒரே சமயத்தில் எடுத்த படம் போன்ற ஆய்வு. சர்க்கரை இருப்பது தெரிந்த பிறகு களிக்கு மாறுகிறவர்கள் நம் ஊரில் ஏராளம் என்பதால், இத்தகைய ஆய்வுகளைப் படிக்கும்போது எது முன்னே வந்தது, எது பின்னே வந்தது என்று எப்போதும் கேட்டுக்கொள்ள வேண்டும். ஆட்களை ஆண்டுக்கணக்கில் பின்தொடரும் ஆய்வுகள் அந்த வகையில் மேலானவை. 21 நாடுகளில் 1,32,373 பேரைச் சராசரியாக ஒன்பதரை ஆண்டு பின்தொடர்ந்து 2020-இல் வெளிவந்த ஆய்வு, நாளொன்றுக்கு 450 கிராமுக்கு மேல் வெள்ளைச் சோறு உண்பவர்களை 150 கிராமுக்குக் குறைவாக உண்பவர்களோடு ஒப்பிட்டது. தெற்காசியாவில் சர்க்கரை நோய் வரும் வாய்ப்பு 61 சதவீதம் கூடுதலாக இருந்தது. சீனாவிலோ குறிப்பிடத்தக்க வித்தியாசமே தெரியவில்லை. அரிசி அங்கும் அரிசிதான். சோற்றோடு தட்டில் என்ன இருக்கிறது, உண்டவர் பகலெல்லாம் என்ன வேலை செய்கிறார் என்பவை மாறும்போது முடிவும் மாறலாம் என்பது என் எண்ணம்.

நாட்டுச் சர்க்கரையை விரைவாகக் கடந்துவிடலாம். கவுந்தப்பாடிச் சர்க்கரை பழநிப் பஞ்சாமிர்தத்துக்குப் போகும் பெருமை உடையது. அதன் மணமும் சுவையும் வெள்ளைச் சர்க்கரைக்கு வராது. ஆனால் அதில் பெரும்பகுதி, வெள்ளைச் சர்க்கரையில் இருக்கும் அதே சுக்ரோஸ் என்ற இனிப்புப் பொருள்தான். ஐந்து கிராம் கரண்டியில் வரும் இரும்புச் சத்து கணக்கில் வைக்கும் அளவே இல்லை. சர்க்கரை நோயாளியைப் பொறுத்தவரை இந்த மாற்றம் வலது கையிலிருந்து இடது கைக்கு மாற்றியதுதான். நாட்டுச் சர்க்கரை என்பதால் டீயில் ஒரு கரண்டி கூடப் போட்டிருந்தால், கைமாறும்போது பாரமும் கூடியிருக்கும்.

தேங்காய் எண்ணெய் அவ்வளவு எளிதான வழக்கு அல்ல. காங்கேயத்துக் கொப்பரைக் களங்களைப் பார்த்து வளர்ந்தவர்களிடம் அதைக் குறை சொல்வது எனக்கும் சங்கடமாகத்தான் இருக்கிறது. அதன் கொழுப்பில் பத்தில் ஒன்பது பங்கு நிறைகொழுப்பு. பதினாறு சோதனைகளைத் திரட்டி 2020-இல் வெளிவந்த தொகுப்பாய்வில், சூரியகாந்தி, சோயா போன்ற எண்ணெய்களோடு ஒப்பிடும்போது தேங்காய் எண்ணெய் கெட்ட கொழுப்பு எனப்படும் எல்டிஎல்லை டெசிலிட்டருக்குச் சுமார் 10 மில்லிகிராம் கூட்டியது. நல்ல கொழுப்பு எனப்படும் எச்டிஎல்லையும் 4 மில்லிகிராம் கூட்டியது. இதற்கு எதிர்ச்சாட்சியாக, கேரளத்தில் இதய நோயாளிகள் 200 பேரை இரண்டு ஆண்டு கவனித்து 2016-இல் வெளியான சோதனையைக் காட்டுவார்கள். அதில் தேங்காய் எண்ணெய்க்கும் சூரியகாந்தி எண்ணெய்க்கும் வித்தியாசம் தெரியவில்லை என்பது உண்மைதான். ஆனால் அவர்கள் வழக்கமான இதய சிகிச்சையில் இருந்தவர்கள். அந்தச் சிகிச்சையில் கொழுப்பைக் குறைக்கும் மாத்திரை பொதுவாக இருக்கும், எண்ணெய் செய்வதை மாத்திரை மறைத்துவிடக்கூடும். 200 பேர் என்பதும் மாரடைப்பைப் போன்ற நிகழ்வுகளை எண்ணி முடிவு சொல்லப் போதாத தொகை. இரண்டு ஆய்வுகளும் மோதிக்கொள்வதாக நான் நினைக்கவில்லை. வேறு வேறு ஆட்களிடம் வேறு வேறு கேள்வியைக் கேட்டவை அவை. உங்கள் அப்பாவுக்குச் சர்க்கரையோடு எல்டிஎல்லும் கூடியிருந்தால் தாளிப்புக்குக் கடலை எண்ணெயோ நல்லெண்ணெயோ ஏற்றது. எல்டிஎல் கட்டுக்குள் இருந்தால் எண்ணெயின் வகையைவிட அளவைப் பற்றித்தான் முதலில் கேட்பேன்.

அளவு என்றதும் நினைவுக்கு வருவது சென்னிமலைப் பக்கம் தறிக்காரர் வீடு ஒன்று. முந்தின நாள் விழித்ததிலிருந்து படுக்கும் வரை உண்டதையெல்லாம் கேட்டு எழுதுவது எங்கள் வேலை. டம்ளர், கரண்டி, போசி எல்லாவற்றையும் வெளியே எடுத்து வைக்கச் சொல்லித் தண்ணீர் ஊற்றி அளந்துகொள்வோம். “எண்ணெயெல்லாம் நாங்க ஊத்தறதே இல்லீங்க, பேருக்குத் தாளிக்கறதோட செரி” என்றார் அந்த அம்மா. அவர் பொய் சொல்லவில்லை. கண் பார்வையில் அவருக்கு அப்படித்தான் தோன்றியது. ஆனால் மூலையில் ஐந்து லிட்டர் டின் இருந்தது. எத்தனை நாளைக்கு வரும் என்று கேட்டதற்கு, மாதம் ஒன்று என்றார். வீட்டில் நான்கு பேர். கணக்குப் போட்டால் ஆளுக்கு நாளொன்றுக்கு 40 மில்லிக்கு மேல் வருகிறது. ஆயிரம் பக்கக் கேள்வித்தாளைவிட அந்த டின் நம்பகமான சாட்சி என்று அன்று முதல் நினைத்துக்கொள்வேன்.

உணவு ஆராய்ச்சியின் பலவீனமான கண்ணி இதுதான். உடல் எவ்வளவு ஆற்றலைச் செலவிடுகிறது என்பதை, ஐதரசன், ஆக்சிசன் ஐசோடோப்புகள் (அதே தனிமங்களின் எடை கூடிய வகைகள்) கலந்த நீரைக் குடிக்கக் கொடுத்து, சிறுநீரைச் சோதித்து அளக்கும் முறை ஒன்று உண்டு. அதோடு ஒப்பிட்ட இடத்தில் எல்லாம், மக்கள் தாங்கள் உண்டதைக் குறைத்தே சொல்கிறார்கள் என்பது மீண்டும் மீண்டும் தெரியவந்திருக்கிறது. நினைவை நம்பாமல் இருக்க, சில ஆய்வாளர்கள் ஆட்களையே மருத்துவமனைக்குள் தங்கவைத்துப் பார்த்தார்கள். அமெரிக்கத் தேசிய சுகாதார நிறுவனத்தில் கெவின் ஹால் குழுவினர் 2019-இல் வெளியிட்ட சோதனையில் 20 பேர் நான்கு வாரம் உள்ளேயே தங்கினார்கள். இரண்டு வாரம் ஆலையில் பெரிதும் பதப்படுத்திய உணவு, இரண்டு வாரம் சமைத்த எளிய உணவு. இரண்டிலும் சர்க்கரை, கொழுப்பு, நார் எல்லாம் சமமாகவே பரிமாறப்பட்டன, எவ்வளவு வேண்டுமானாலும் உண்ணலாம். பதப்படுத்திய உணவில் நாளொன்றுக்குச் சுமார் 500 கலோரி கூடுதலாக உண்டு, இரண்டே வாரத்தில் 0.9 கிலோ எடை கூடினார்கள். 20 பேர்தான் என்று தள்ளிவிட முடியாத அளவுக்கு அளவீடு சுத்தமாக இருந்த ஆய்வு அது. நம் ஊரில் தெருமுனைக்கு ஒரு பேக்கரி இருப்பதும், மாலை நான்கு மணி டீயோடு ஒரு தேங்காய் பன்னோ பப்ஸோ உள்ளே போவதும், அதைக் கணக்கெடுப்பவரிடம் சொல்ல யாருக்கும் நினைவு வராததும் நான் பல வீடுகளில் கண்டவை. உங்கள் அப்பாவின் ஓராண்டுக் கணக்கில் பேக்கரி எங்கே வருகிறது என்று விசாரித்துப் பாருங்கள்.

“எங்க அப்பாரு கம்பங்கூழ் குடிச்சே தொண்ணூறு வயசு இருந்தாரு” என்ற வாதத்தையும் உங்கள் உறவினர் சொல்லியிருப்பார். அவர் கம்பங்கூழ் மட்டும் குடிக்கவில்லை. விடியலில் எழுந்து, மாட்டைப் பூட்டிக் கவலை ஓட்டித் தோட்டத்துக்குத் தண்ணீர் இறைத்தார், சந்தைக்கு நடந்தார், ஒப்பிட்டு, கச்சாயம் போன்ற இனிப்புப் பலகாரங்களை நோன்பு நாளில் மட்டும் கண்டார். இவற்றில் எது அவரைக் காத்தது என்று கம்பை மட்டும் பிரித்தெடுத்துச் சொல்ல வழியில்லை. போதாக்குறைக்கு, காங்கேயம், தாராபுரம் பக்கத்து மேட்டுக்காட்டுக்குப் பொருந்தும் கம்புக் கதை, கொடிவேரி வாய்க்கால் பாய்ந்து நெல் விளைந்த உங்கள் கோபி வட்டாரத்துக்கு அப்படியே பொருந்தாது.

இந்தச் சிக்கல் எலிகளிடமும் வந்தது, அதுவும் நமக்குக் கூப்பிடு தூரத்தில். மேட்டுப்பாளையத்திலிருந்து மலையேறினால் வரும் குன்னூரில், பாஸ்டர் நிலையத்தின் ஓர் அறையில் 1918-இல் ராபர்ட் மெக்கரிசன் என்ற மருத்துவர், தயமின் எனும் பி1 வைட்டமின் குறைவால் வரும் பெரிபெரி நோயை ஆராயத் தொடங்கினார். அங்கே வளர்ந்த ஆய்வகம்தான் 1958-இல் ஐதராபாத்துக்குப் போய், பின்னர் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் என்று பெயர் பெற்றது. மெக்கரிசன் இந்தியாவின் பல பகுதி மக்களின் உணவை எலிக் கூட்டங்களுக்குத் தனித்தனியே கொடுத்துப் பார்த்தபோது, பஞ்சாப் உணவை உண்ட எலிகள் கொழுகொழுவென்று வளர்ந்தன. தென்னாட்டு அரிசி உணவை உண்டவை மெலிந்து கடைசியில் நின்றன. கோதுமை உசத்தி, அரிசி மட்டம் என்று இதைப் படித்தவர்கள் உண்டு. ஆனால் பஞ்சாப் தட்டில் ரொட்டியோடு பாலும் வெண்ணெயும் பருப்பும் காய்கறியும் இருந்தன. எலி கொழுத்தது ரொட்டியாலா, பாலாலா? அரிசியை வைத்துக்கொண்டு பாலையும் பருப்பையும் கூட்டிப் பார்க்காமல் அதற்கு விடை சொல்ல முடியாது. அரிசியிலேயே கூட வகை முக்கியம் என்பதைப் பெரிபெரி ஆய்வுகள் காட்டின: நெல்லை ஊறவைத்து அவிக்கும்போது தவிட்டிலுள்ள தயமின் அரிசிக்குள் இறங்கிவிடுவதால், தீட்டிய பிறகும் ஓரளவு தங்கிவிடுகிறது. புழுங்கல் அரிசி உண்ட பகுதிகள் அந்த நோயிலிருந்து பெரும்பாலும் தப்பியதற்கு அதுவே காரணம்.

எதற்குப் பதிலாக என்பதை முதலிலேயே தெளிவாக வைத்துக்கொண்ட ஆய்வு எப்படி இருக்கும் என்பதற்கு ஓர் உதாரணம் சொல்கிறேன். சீனாவில் 600 கிராமங்களில், பக்கவாதம் வந்தவர்களும் ரத்தக் கொதிப்புள்ள முதியவர்களுமாக 20,995 பேரை எடுத்துக்கொண்டு, பாதிக் கிராமங்களில் வழக்கமான உப்புக்குப் பதிலாக, கால் பங்கு பொட்டாசியம் குளோரைடு கலந்த உப்பைக் கொடுத்தார்கள். வேறெதையும் மாற்றவில்லை. ஏறத்தாழ ஐந்து ஆண்டில் பக்கவாதம் 14 சதவீதம் குறைந்தது, இறப்பும் குறைந்தது. 2021-இல் வந்த இந்த முடிவை நான் உறுதியாக நம்புகிறேன். சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களுக்கு மட்டும் அந்த உப்பு ஆபத்து. சர்க்கரை நோயாளிகளில் பலருக்குச் சிறுநீரகம் பாதிக்கப்பட்டிருக்கும் என்பதால் மருத்துவரைக் கேட்காமல் வாங்கக்கூடாது.

இனி உங்கள் வீட்டுக்கு வருகிறேன். 2000 கலோரி உண்பவருக்கு 5 சதவீதம் என்பது 100 கலோரி; மாவுச்சத்தில் 25 கிராம், அதாவது ஒரு சிறு கைப்பிடி அரிசி அல்லது மாவு. அதை எடுத்துவிட்டு அந்த இடத்தில் 25 கிராம் புரதத்தை வைக்க வேண்டும். கொள்ளு 100 கிராமில் 22 கிராம் புரதம் இருந்தாலும், அதிலும் மாவுச்சத்து பாதிக்கு மேல் உண்டு என்பதால் கொள்ளை மட்டும் நம்ப வேண்டாம். இரண்டு முட்டை, ஒரு டம்ளர் தயிர், ஒரு கரண்டிக்குப் பதில் இரண்டு கரண்டி பச்சைப்பயறு கடைசல் என்று பிரித்துக்கொண்டால் எளிதாக வந்துவிடும். முட்டை ஆகாத வீடென்றால் தயிரையும் பயறையும் கூட்டிக்கொள்ளலாம். அரிசியும் பருப்பும் சாதம் வைக்கும் நாளில் மூன்று டம்ளர் அரிசிக்கு ஒரு டம்ளர் பருப்பு என்று போடுவதை இரண்டுக்கு இரண்டாக மாற்றச் சொல்லுங்கள். சற்றுக் குழையும், ருசி கெடாது. அரிசியை அடியோடு விரட்ட வேண்டியதில்லை. களியே பிடித்துப்போயிருந்தால் களியையே தொடரலாம், உருண்டை சிறுத்தால் போதும்.

அவர் இன்சுலினோ, கணையத்தைத் தூண்டும் மாத்திரையோ எடுத்துக்கொண்டிருந்தால், மாவுச்சத்தைத் திடீரென்று குறைப்பது சர்க்கரையை ஆபத்தான அளவுக்கு இறக்கிவிடலாம். மாற்றத்தைத் தொடங்குவதற்கு முன்பே மருத்துவரிடம் சொல்லி, மருந்தளவைப் பார்க்கச் சொல்லுங்கள்.

அதற்கும் முன்னால் ஒரு வேலை இருக்கிறது. வேலை நாள் இரண்டும் விடுமுறை நாள் ஒன்றுமாக மூன்று நாளைக்கு, அப்பா உண்பதையும் குடிப்பதையும் பேக்கரி உட்பட ஒரு நோட்டில் எழுதுங்கள். மளிகைக்கடைத் தராசு போதும். களி உருண்டையை வட்டிலில் போடுவதற்கு முன் அதில் வையுங்கள். எண்ணெய் டின் திறந்த தேதியை அதன் மேலேயே எழுதி வையுங்கள். அந்த நோட்டோடு எல்டிஎல் அளவையும், அவர் எடுக்கும் மருந்தின் பெயரையும் எழுதி அனுப்பினால், எந்தக் கைப்பிடியை எங்கிருந்து எடுப்பது என்று மேற்கொண்டு பேசலாம்.